இருபத்திரண்டாம் எண் கூடாரத்தின் கயிறுகள்

கனடா எல்லைக்குப் பக்கத்தில், ஈலி ஊரைத் தாண்டி, ஏரிக்குப் போகும் மண் சாலை தொடங்குகிற இடத்தில் வெர்னா ஹவ்டாலாவின் வாடகைக் கடை. படகு, துடுப்பு, கூடாரம், வாணலி, கோடாரி என்று காட்டு ஏரிகளுக்குள் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். போனவர்கள் திரும்பி வந்ததும் கூடாரங்களைப் பிரித்து உதறி, காயவைத்து, மடித்துப் பையில் போடுவது என் வேலை. ஆறு கோடைகளாக அதைத்தான் செய்கிறேன். மழை, மணல், கொசு, கரடி எதைப் பற்றியும் எனக்குப் புகார் கிடையாது. கயிறுகளைப் பற்றி மட்டும் உண்டு.

ஒரு கூடாரத்துக்குப் பத்துக் கயிறு. காற்றில் பறந்துவிடாமல் நாலு பக்கமும் இழுத்து முளையில் கட்டுகிற மெல்லிய கயிறுகள். கூடாரம் நிற்கும்போது பத்தும் பத்துத் திசையில் ஒழுங்காகத்தான் நிற்கும். கிளம்புகிற காலையில்தான் வினை. எல்லோருக்கும் காபி குடிக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் படகை இறக்க வேண்டும். முளைகளைப் பிடுங்கி, கயிறுகளை அப்படியே தொங்கவிட்டு, கூடாரத்தைப் பாய் மாதிரி சுருட்டிப் பையில் திணித்துவிடுவார்கள். இரண்டு நாள் படகிலும் தோளிலும் குலுங்கி என் மேசைக்கு வரும்போது பத்துக் கயிறும் ஒரே கயிறாக ஆகியிருக்கும். ஈரம் வேறு. ஊறிய முடிச்சுக்கு நகம் பத்தாது. ஒரு பழைய முள்கரண்டியின் பற்களை வளைத்து வைத்திருந்தேன், அதை வைத்துக் குத்திக் குத்தி எடுப்பேன்.

"கயிறுகளைத் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்" என்று கடை வாசலில் வெர்னா பலகை மாட்டியிருந்தாள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஜூலையில் நானே ஒரு தப்புச் செய்தேன். கூட வேலை பார்த்த இருவர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். கையில் நேரமில்லாமல், ஒரு கூடாரத்தை முடிச்சோடு முடிச்சாகவே பையில் போட்டு அனுப்பிவிட்டேன். அது சிகாகோவிலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதிக்குப் போனது. அவர்கள் தீவில் போய் இறங்கிய நேரம் பார்த்து மழை கொட்டியிருக்கிறது. அந்தப் பெண் முக்கால் மணி நேரம் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாளாம். புருஷன்காரன் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறான். முன்பல் ஓரம் உடைந்துபோய்விட்டது. திரும்பி வந்து கடையில் நின்று அவன் சிரித்தபோதுதான் அதைப் பார்த்தேன். சிரித்தான் என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு வெர்னா சொன்னாள்: "நோலா, நான் உன்னைத் திட்டப் போறதில்ல. ஆனா இன்னொரு தரம் ஒரு முடிச்சு இந்த வாசலைத் தாண்டக் கூடாது. கூடாரம் இல்லைன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பு, பரவால்ல."

அதற்கு நாலு நாள் கழித்து இருபத்திரண்டாம் எண் கூடாரம் திரும்பி வந்தது.

பையைக் கவிழ்த்தேன். கூடாரம் சதுரமாக மடிந்து விழுந்தது. முள்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கயிறுகளைத் தேடினேன். கயிறு தொங்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கட்டைவிரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், சின்னப் பெண்ணுக்குப் போட்ட சடை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பத்துக் கயிறு, பத்துச் சடை. ஒன்றோடு ஒன்று தொடக்கூட இல்லை. ஒன்றின் நுனியை வளையத்திலிருந்து உருவி மெல்ல இழுத்தேன். உருளைக்கிழங்கு மூட்டையின் வாய்த் தையல் பிரிகிற மாதிரி, பொல பொலவென்று முழுக் கயிறும் நேராக வந்து என் மடியில் விழுந்தது. ஒரு முடிச்சு இல்லை, ஒரு முறுக்கு இல்லை.

இன்னொன்றை இழுத்தேன். அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு வேலைக்காக இழுக்கவில்லை, ஆசைக்காகத்தான் இழுத்தேன். ஒன்பதையும் இழுத்து முடித்த பிறகுதான், இதை எப்படிப் பின்னினார்கள் என்று பார்க்காமல் விட்டோமே என்று உறைத்தது. நல்ல வேளையாக ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கூடாரத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோய் வெர்னாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவிழ்க்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வேறொரு கயிற்றில் அதே மாதிரி பின்னப் பார்த்தாள். வரவில்லை.

"யாரு இது?" என்றாள். "இந்த ஆளு எனக்கு வேணும். இன்னைக்கே."

பதிவுப் புத்தகத்தைப் பார்த்தோம். இருபத்திரண்டாம் எண்ணை எடுத்துப் போனவர்கள் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்கிற நாலு பேர். எல்லோரும் வர்ஜீனியாக்காரர்கள்; அந்தப் பேருள்ள மாநிலம் இல்லை, இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற சுரங்க ஊர். குழுத் தலைவர் ஆர்வோ காங்கஸ். எண் இருந்தது, கூப்பிட்டேன்.

"ஆர்வோங்களா? நான் ஈலியிலேர்ந்து பேசறேன், டெண்ட் கடையிலேர்ந்து."

"கோடாரி எங்ககிட்ட இல்லைங்க" என்றார் உடனே.

"எந்தக் கோடாரி?"

"ஒண்ணுமில்ல. நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"டெண்ட் கயிறைப் பத்திக் கேக்கணும்."

"அறுந்துடுச்சா?"

"இல்ல, ரொம்ப அழகாப் பின்னியிருந்துச்சு. அதான்..."

"அப்ப அது எங்க டெண்டா இருக்காதுங்க" என்றார்.

"உங்க டெண்டுதான். இருபத்திரண்டு. யாரு மடிச்சது?"

"யாரோ ஒருத்தன் மடிச்சான். நான் இல்ல, நான் காபி போட்டுட்டு இருந்தேன். ஆகஸ்ட்ல மறுபடி வர்றோம், நேர்லயே கேட்டுக்கங்க. ஆனா எங்கள்ல அப்படி யாரும் இல்லம்மா. எங்க கூட்டத்தப் பாத்தா உங்களுக்கே தெரியும்."

ஆகஸ்ட் வரை நானாகவே முயன்று பார்த்தேன். அந்த ஒற்றைச் சடை என்னிடம் இருந்தது, ஆனால் அவிழ்த்தால்தான் வழி தெரியும், அவிழ்த்தால் சடை போய்விடும். அவிழ்க்காமல், கடைக்குப் பின்னால் நான் வேலை செய்கிற கொட்டகையின் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தேன். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஏரிகளின் மேல் பெரிய காற்று அடித்தது. மரங்கள் சாய்ந்தன. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் காட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாம் பயந்துபோய், கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் பத்தொன்பது கூடாரங்கள் என் கொட்டகை வாசலில் குவிந்தன. எல்லாம் நனைந்து, ஊசியிலைகள் ஒட்டி, சேறு பூசி. கயிறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பையில் இரண்டு கூடாரங்களும் ஒரு நீச்சல் உடையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பெண்கள் முகாமுக்குப் பதினாறு கூடாரங்கள் கொடுக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பெண்கள், மிசூரியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார்கள். கடையில் மிச்சம் இருந்ததெல்லாம் வெளியே போயிருந்தது. வாசலில் கிடக்கிற இந்தக் குவியலிலிருந்துதான் பதினாறைத் தேற்ற வேண்டும்.

வெர்னா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "முடியுமா?"

"துணி காஞ்சுடும். பெரிய ஃபேன் ரெண்டையும் போட்டுட்டேன். கயிறுதான்."

"எத்தனை?"

"நூத்தி அறுபது."

அவள் ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அஞ்சு மணி வரை இரண்டு பேரும் முள்கரண்டியும் நகமுமாகப் போராடினோம். நாலு கூடாரம் முடிந்தது. வெர்னாவின் கட்டைவிரலில் ரத்தம் கட்டிவிட்டது. கடையில் மணி அடித்தது, யாரோ வந்திருந்தார்கள்.

வந்தது அந்த நாலு பேர்.

காற்று ஓய்ந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டு, லீவை வீணாக்காமல் வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கடை மாடியில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புவதாகத் திட்டம். ஆர்வோ ஒல்லி, ஓயாத வாய். மைலோ என்பவர் வந்ததிலிருந்து எதையாவது மென்றுகொண்டிருந்தார். கர்ட் இஸ்திரி போட்ட சட்டையும் சீவிய தலையுமாக இருந்தார். நாலாவது ஆள் லூட் பிரெபிச். கதவில் குனிந்துதான் நுழைந்தார். அகலமும் அதற்கேற்றபடி. சுரங்கத்தில் ராட்சச லாரி ஓட்டுகிறவராம். அந்த லாரிக்கு ஆள் சரிதான் என்று நினைத்தேன்.

என் கண் நேராகக் கர்ட்டின் இஸ்திரிச் சட்டைக்குத்தான் போயிற்று. "போன தடவை டெண்ட் கயிறைப் பின்னினது நீங்கதானே?" என்றேன்.

"நானா?" என்றார் கர்ட். "என் சட்டைப் பொத்தானையே என் பொண்டாட்டிதாங்க போட்டு விடறா."

ஆர்வோ கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, சொன்னேன்ல? பின்னலாம்! டேய் மைலோ, நீ பின்னுவியாடா?"

"எனக்கு வாயி மட்டுந்தான் வேலை செய்யும்" என்றார் மைலோ.

"லூட், நீயாடா? உன் விரலு ஒவ்வொண்ணும் பூசணிக்காத் தண்டு மாதிரி இருக்கு. அதுல சடை பின்னினியா?"

லூட் சுவரில் மாட்டியிருந்த ஏரி வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது" என்றார். காது இரண்டும் தக்காளி மாதிரிச் சிவந்திருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்ட இடமும் கேட்ட விதமும் தப்பு என்பதும் புரிந்தது. மேலே பேசாமல் மாடிச் சாவியைக் கொடுத்தேன். அவர்கள் பீட்சா சாப்பிடக் கிளம்பினார்கள். நான் கொட்டகைக்குத் திரும்பி ஐந்தாவது கூடாரத்தை எடுத்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். கொட்டகை வாசலில் வெளிச்சம் மறைந்தது. லூட் நின்றுகொண்டிருந்தார்.

"தொப்பிய விட்டுட்டேன்" என்றார்.

தொப்பி அவர் தலையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் கையை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "எத்தனை இருக்கு?"

"இன்னும் பன்னெண்டு டெண்ட்."

"காலையிலயா வேணும்?"

"ஆறு மணிக்கு."

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் உட்கார்ந்தார். படகு முனகியது. சட்டைப் பையிலிருந்து நீல நிறத்தில் ஒரு சின்ன உலோகக் குச்சியை எடுத்தார். நுனியில் கொக்கி. கம்பளி நூல் பின்னுகிற குரோஷா ஊசி. என் பெரியம்மா வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"பசங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

"சத்தியமா மாட்டேன்."

அவர் முடிச்சை எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் எதை எடுத்தாலும் முதலில் இழுப்பேன். அவர் இழுக்கவே இல்லை. கயிற்றுப் பந்தை உள்ளங்கையில் வைத்து, பிசைந்து தளர்த்தி, ஊசி நுனியால் ஒரு வளையத்தைப் பிடித்து அதை உள்ளே தள்ளினார்.

"இழுக்கத்தான் தோணும்" என்றார் தலையை நிமிர்த்தாமல். "இழுத்தீங்கன்னா அதுக்குக் கொண்டாட்டம், இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். உள்ள தள்ளிவிடுங்க. இடம் குடுத்தா அதுவே வெளிய வந்துடும். பாத்தீங்களா?"

பந்து மெல்ல மெல்லப் பெரிதாகித் தளர்ந்து, பத்துக் கயிறும் தனித்தனியாகத் தொங்கியது. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு பின்னல். கயிற்றை இறுக்குகிற பிளாஸ்டிக் துண்டைக் கூடாரத்தை ஒட்டித் தள்ளிவைத்தார். அங்கே ஒரு வளையம். வளையத்துக்குள் இரண்டு விரலை விட்டு, கயிற்றின் மீதியிலிருந்து இன்னொரு வளையத்தை உள்ளே இழுத்தார். அதற்குள் இன்னொன்று. அவ்வளவுதான். கடைசியில் நுனியை வளையத்துக்குள் நுழைத்துப் பூட்டினார்.

"ஊசி இதுக்குத் தேவையில்ல, விரலே போதும். குரோஷாவில முதல்ல சொல்லித்தர்ற சங்கிலித் தையல்தான் இது. நீங்க போடுங்க."

போட்டேன். முதலாவது கோணல், இரண்டாவது அவிழ்ந்துவிட்டது, மூன்றாவது சடையாக நின்றது. ஆறு வருஷக் கஷ்டம் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவர் முடிச்சு எடுக்க, நான் பின்ன, வேலை வேகம் பிடித்தது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு கூடாரம் முடிந்த பிறகு அவராகவே சொன்னார்.

"சிகரெட்டை விட்டேங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். லாரிய மண் அள்ளற எந்திரத்துக்கிட்ட கொண்டுபோய் வரிசையில நிறுத்தினா அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும். நாள் பூரா இப்படித்தான், அஞ்சஞ்சு நிமிஷமா. ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு சிகரெட். டாக்டரம்மா சொன்னாங்க, கைக்கு வேலை குடுன்னு. சூயிங் கம் மென்னேன், தாடை போச்சு. அப்புறம் ஒரு நாள் டுலூத் டவுனுக்குப் போயி, தெரிஞ்சவன் யாரும் இல்லாத கடையாப் பாத்து இதை வாங்கினேன். ‘பொண்டாட்டிக்கு’ன்னு சொன்னேன். கடைக்காரம்மா, ‘அவங்களுக்கு எந்த அளவு வேணும்?’னு கேட்டாங்க. முழிச்சேன்."

"அப்புறம்?"

"இப்ப ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் ஒரு வரிசை. ஒரு நாளைக்கு ஒரு தொப்பி வந்துடும். சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வச்சுக்குவேன். பொறந்த குழந்தைங்களுக்குன்னு ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடறோம். என் வீட்டுக்காரி ரோஸ்ஆன் கொண்டுபோய்க் குடுப்பா. அவதான் பின்றான்னு நர்ஸுங்க நினைச்சுட்டு இருக்காங்க. பாவம், அவளுக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. போன வருஷம் அவளைக் கூப்பிட்டு ஒரு பாராட்டுக் கடுதாசி குடுத்தாங்க. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த உடம்பு சிரித்ததில் படகு ஆடியது.

"ஏன் சொல்லக் கூடாது? உங்க ஃப்ரெண்டுங்கதானே?"

"ஆர்வோவைப் பாத்தீங்கல்ல? அவன்கிட்ட ஒண்ணு கிடைச்சா இருபது வருஷத்துக்கு விடமாட்டான். மைலோ ஒரு தரம் பனியில வழுக்கி விழுந்தான், நாங்க ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப. ஆர்வோ இன்னும் அதைச் சொல்லிட்டு இருக்கான்."

அவர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, கொட்டகைக் கதவு தடாலென்று திறந்தது.

"டேய் லூட்! தொப்பியத் தேடிக் கனடாவுக்குப் போயிட்டியா?" ஆர்வோ ஒரு பீட்சா அட்டைப்பெட்டியோடு நின்றார். பின்னால் மற்ற இருவர். "உனக்குன்னு ஆறு துண்டு எடுத்து வச்சோம். வழியில மைலோ நாலைத் தின்னுட்டான். என்னடா பண்றே இங்க? என்னது அது கையில?"

லூட் கையை மூடிக்கொள்ளக்கூட இல்லை.

"முடிச்சு எடுக்கற கொக்கி" என்றேன் நான். "கடையோடது."

ஆர்வோ கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "கொக்கியா? எங்கம்மா மேசை விரிப்புப் பின்னுவாங்களே, அந்த ஊசி இது."

"என்னோடதுங்க" என்றேன் அவசரமாக. "என் ஊசி."

லூட் என்னைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். "இல்ல. என்னோடதுதான்" என்றார் ஆர்வோவிடம். "ரெண்டு வருஷமா குரோஷா போடறேன். குழந்தைங்களுக்குத் தொப்பி. நானூத்திப் பன்னெண்டு போட்டிருக்கேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க."

ஆர்வோ ஊசியைப் பார்த்தார், பிறகு லூட்டின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சாப்பாட்டுப் பெட்டியில..." என்றார்.

"நூல்தான்."

"மருந்து இல்லையா?"

"என்ன மருந்து?"

ஆர்வோ அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தார். குரல் ஏறிப்போயிற்று. "டேய் தடியா! நாங்க கிட்ட வந்தா பெட்டிய மூடுவே. கேட்டா ஒண்ணுமில்லம்பே. உனக்குச் சர்க்கரை வியாதி வந்துடுச்சு, ஊசி போட்டுக்கறே, வெளிய சொல்ல வெக்கப்படறேன்னு இந்த மைலோ சொன்னான். உன் முன்னாடி இனிப்புத் தின்னக் கூடாதுன்னு மூணு பேரும் பேசி முடிவு பண்ணோம். ரெண்டு வருஷமாடா! ரெண்டு வருஷமா ஷிப்ட்டுக்கு ஒரு டோனட் வாங்கல!"

"நான் கழிப்பறையில நின்னு தின்னுட்டு வருவேன்" என்றார் மைலோ பரிதாபமாக.

"அதான் டோனட் வர்றதில்லையா?" என்றார் லூட். "நீங்க மூணு பேரும் கஞ்சனாயிட்டீங்கன்னு நினைச்சேன்."

முதலில் சிரித்தது கர்ட். பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. ஆர்வோ சிரித்துச் சிரித்து ஈரக் கூடாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊசி போட்டுக்கறான்னு சொன்னியே மைலோ, அது சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார்.

அதற்கப்புறம் கிண்டல் இல்லாமல் இல்லை. ஆர்வோ தன் லாரி கியருக்கு ஒரு தொப்பி, துடுப்புக்கு ஒரு கால்சட்டை, மாமியார் வாய்க்கு ஒரு மூடி என்று வரிசையாக ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் கொடுத்தபடியே ஒரு கயிற்றையும் கையில் எடுத்திருந்தார். "எப்படிடா இது? இந்த வளையத்துக்குள்ள இதா? நீ காட்டுடா, சும்மா சிரிக்காத."

மூன்று பேரும் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்கள். இஸ்திரிச் சட்டைக் கர்ட்டுக்குத்தான் கடைசி வரை வரவில்லை. அவரைக் கூடாரம் மடிக்கப் போட்டோம். மைலோவுக்கு ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது, எங்கள் எல்லோரையும் விட வேகமாகப் பின்னினார். அது ஆர்வோவுக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் போட்டி. "நீ பின்றது எலி வால் மாதிரி இருக்கு." "உன்னுது இருக்கே, அது பன்னி வால்." இடையில் லூட் எழுந்துபோய் ஒவ்வொன்றையும் பார்த்து, சரியில்லாததை ஒரு இழுப்பில் பிரித்துவிட்டு, திருப்பிக் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கண்டிப்பு வந்திருந்தது. சுரங்கத்தில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதுவரை கடையைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்னா, கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சுரங்கக்காரர்கள் மூன்று பேர் படகு மேலும் தரையிலும் உட்கார்ந்து கயிறும் சடையுமாக இருந்தார்கள், நாலாமவர் கூடாரம் மடித்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய் ஒரு பெரிய பானை நிறைய, ஏரிகளில் தானாக விளைகிற காட்டரிசிச் சூப்பும் கிண்ணங்களும் கொண்டுவந்தாள்.

பதினாறாவது கூடாரம் பைக்குள் போனபோது மணி ஏழரை. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். ஏரியின் மேல் மஞ்சள் வெயில் படுத்திருந்தது. ஆர்வோ வெர்னாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றி, "கோடாரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். போன தடவை ஏரியில் விழுந்துவிட்டதாம். எட்டடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கிடக்கிறதாம், இந்தத் தடவை எடுத்துவிடுவார்களாம். வெர்னா அவரைத் தள்ளிவிட்டு நேராக லூட்டிடம் போனாள்.

"எனக்கு ஒரு ஆள் வேணும். கோடை பூரா. நீங்க வர்றீங்களா?"

லூட் யோசிக்கவே இல்லை. "இல்லம்மா. எனக்கு வருஷத்துல பத்து நாள்தான் லீவு. மீன் பிடிக்கணும். அதான் இவங்க கத்துக்கிட்டாங்களே" என்று என்னைக் காட்டினார்.

காலையில் பெண்கள் முகாமின் பேருந்து ஆறுக்கு முன்பே வந்துவிட்டது. பதினாறு பைகளையும் ஏற்றிவிட்டேன். அவர்களுடைய தலைவி ஒரு பையைத் திறந்து சடைகளைப் பார்த்துவிட்டு, "இதை அவிழ்க்கவே மனசு வராதே" என்றாள். எப்படி இழுப்பது, எப்படித் திரும்பப் பின்னுவது என்று அங்கேயே நாற்பத்தெட்டுப் பேருக்கும் காட்டினேன். தலைமுடி பின்னத் தெரிந்த கைகள், பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்கள். சுரங்கக்காரர்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வோ, "அந்தச் சிவப்புத் தொப்பிப் பொண்ணு கர்ட்டை விட நல்லாப் போடுது!" என்று மேலிருந்து கத்தினார். அதற்கப்புறம் அவர்களும், குவியலில் மிச்சமிருந்த மூன்றில் ஒன்றான இருபத்திரண்டாம் எண்ணைத் தாங்களே முடிச்செடுத்துப் பின்னி எடுத்துக்கொண்டு படகேறிப் போனார்கள்.

செப்டம்பர் கடைசியில் கடையை மூடினோம். அந்த மிச்சப் பருவத்தில் ஒரு முடிச்சும் வாசலைத் தாண்டவில்லை. வாடகைக்கு எடுக்க வருகிறவர்களிடம் பலகையைக் காட்டுவதை விட்டுவிட்டு, வாசலிலேயே ஒரு கயிற்றைக் கையில் கொடுத்து மூன்று தடவை பின்னச் சொன்னேன். பாதிப் பேர் சரியாகப் பின்னிக் கொண்டுவந்தார்கள். பாதி எனக்குப் போதும்.

அக்டோபரில் லூட்டிடமிருந்து ஒரு போன்.

"நோலாங்களா? ஒரு உதவி. எங்க ஊர் நூலகத்துல சனிக்கிழமை சனிக்கிழமை குரோஷாக் கூட்டம் நடக்குது. ஸ்வெட்டர் போடக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கை வைக்கிற இடத்துல எனக்குக் கணக்குத் தப்புது. மூணு தரம் வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள பூராப் பொம்பளைங்க. திரும்பி வந்துட்டேன். நீங்க கூட வந்தீங்கன்னா..."

போனேன். நூலக வாசலில் ஆர்வோவின் வண்டி நின்றது. லூட் அதற்குள் உட்கார்ந்திருந்தார். ஆர்வோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போக அழுகிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். "எறங்குடா. நூறடிப் பள்ளத்துல லாரி ஓட்டறவன், பன்னெண்டு பொம்பளைங்களப் பாத்து நடுங்கறே. எறங்கு. நான் இங்கயே நிக்கிறேன். யாராவது உன்னக் கடிச்சா சத்தம் போடு."

இரண்டு பேருமாக அவரை உள்ளே கொண்டுபோனோம். நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நடுவில் தேநீர்க் கெண்டியும், நறுக்கி வைத்த வால்நட் ரொட்டியும். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். லூட் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நீங்க எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள்.

"ஆறடி அஞ்சு அங்குலம்ங்க."

"அப்பாடா! அந்த மேல் தட்டுல இருக்கற நூல் பெட்டிய எடுத்துக் குடுங்க. மார்ச் மாசத்துலேர்ந்து எங்க யாருக்கும் எட்டல. எடுத்துட்டு இப்படி வந்து உக்காருங்க. என்ன பின்றீங்க?"

"ஸ்வெட்டர்ங்க" என்றார் லூட், பெட்டியை இறக்கியபடியே. "கைதான் வர மாட்டேங்குது."

"கை யாருக்குங்க முதல்ல வந்துச்சு? டோலோரஸ், நகந்து உக்காரு, இடம் குடு."

டோலோரஸ் நகர்ந்தாள். போதவில்லை. அடுத்தவளும் நகர்ந்தாள். நான் வெளியே வந்தபோது ஆர்வோ ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொட்டி குடுக்கறாங்க" என்றார் என்னைப் பார்க்காமலே. "ரெண்டு துண்டு. ஏங்க, புதுசா வர்றவங்களுக்கு எல்லாருக்கும் குடுப்பாங்களா?"